வன்னியில் ஊர் நூலகம்: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னிக்கு இப்போதுதான் வந்திருக்கிறீர்கள். கிளிநொச்சிப் பாடசாலை ஒன்றுக்கு மாற்றலாகி வந்த ஆசிரியராக இருக்கலாம். அறிவியல்நகரில் படிக்க வந்தவராக, முல்லைத்தீவுக்குக் கலியாணம் கட்டி வந்தவராக, தமிழ்நாட்டு அகதி முகாமில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பிய குடும்பமாகவும் இருக்கலாம். ஊரில் ஆட்களைத் தெரியாது. பிள்ளைகளைப் பின்னேரம் எங்கே கூட்டிப்போவது என்றும் தெரியாது. வீதியால் போகும்போது பிரதேச சபை நூலகத்தைப் பார்த்திருப்பீர்கள். வாசலில் இரண்டு சைக்கிள் நிற்கும், உள்ளே நாலு பெரியவர்கள் பத்திரிகை வாசித்துக்கொண்டிருப்பார்கள். இங்கே என்ன நடந்துவிடப் போகிறது என்று கடந்து போயிருப்பீர்கள்.

நடக்கிறது. பிள்ளைகளுக்குப் போட்டி, பெரியவர்களுக்குக் கலந்துரையாடல், நூல் வெளியீடு, கண்காட்சி, பயிற்சி வகுப்பு எல்லாம் நடக்கின்றன. ஆனால் எப்போது நடக்கும் என்று தெரியாமல் போனால் பூட்டிய மண்டபத்தைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். வன்னியில் நூலகத்தின் வருடத்தைக் கந்தோர் (அலுவலக) நாட்காட்டியும் வயல் நாட்காட்டியும் சேர்ந்துதான் ஓட்டுகின்றன. சுற்றறிக்கை முதலாவதின்படி வரும், சனம் இரண்டாவதின்படி வரும். இரண்டையும் பொருத்திப் பார்க்கத் தெரிந்தவருக்கு நூலகத்தில் வேலை சுலபம்.

முதலில், உங்கள் நூலகம் எது என்று கண்டுபிடியுங்கள்

பொது நூலகங்கள் உள்ளூராட்சிச் சபைகளின் கீழ் இயங்குகின்றன. பிரதேச செயலகத்துக்கும் அவற்றுக்கும் நேரடித் தொடர்பில்லை. புதிதாக வருபவர்கள் பிரதேச செயலகத்தையும் பிரதேச சபையையும் ஒன்றென நினைத்து அங்குமிங்கும் அலைவது சாதாரணமாக நடப்பது. அடையாள அட்டை, கிராம அலுவலர், அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு என்றால் செயலகம். நூலகம், சந்தை, தெருவிளக்கு, குப்பை, ஊர் வீதி என்றால் சபை.

எல்லைகளும் ஒன்றாக இல்லை. கிளிநொச்சி மாவட்டத்தில் பிரதேச செயலகப் பிரிவுகள் 4, பிரதேச சபைகள் 3 மட்டுமே: கரைச்சி, பூநகரி, பச்சிலைப்பள்ளி. கண்டாவளைக்கெனத் தனிச் சபை இல்லை. ஆகவே தருமபுரத்தில் குடியிருப்பவருக்குச் செயலகம் கண்டாவளை, சபை கரைச்சி. முல்லைத்தீவில் கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, துணுக்காய், மாந்தை கிழக்கு என 4 சபைகள் இருக்கின்றன. வவுனியா நகரத்துக்கு மாநகர சபை. நகருக்கு வெளியே வவுனியா வடக்கு, வவுனியா தெற்குத் தமிழ், வவுனியா தெற்குச் சிங்களம், வெண்கலச்செட்டிகுளம் ஆகிய சபைகள். சந்தேகமென்றால் பக்கத்து வீட்டாரிடம் "ஆதன வரி எங்கே கட்டுறனீங்கள்?" என்று கேளுங்கள், பதில் கிடைத்துவிடும்.

ஒரு சபைக்கு ஒரே நூலகம் என்றில்லை. பிரதான நூலகத்தோடு சந்திகளில் சின்னக் கிளை நூலகங்களும் இருக்கும். நிகழ்ச்சிகள் பெரும்பாலும் பிரதான நூலகத்தில்தான் நடக்கும். அறிவித்தல் மட்டும் கிளைக்கும் வரும்.

அங்கத்துவம்

இதில் பெரிய சிக்கல் இல்லை. படிவம் நூலகத்திலேயே தருவார்கள். அடையாள அட்டைப் பிரதி, வதிவிடத்தை உறுதிப்படுத்தும் கிராம அலுவலரின் கையெழுத்து, ஒரு பிணையாளி, சிறு கட்டணம் என்பவைதான் வழமையாகக் கேட்கப்படுபவை. பாடசாலைப் பிள்ளைகளுக்கு அதிபரின் கையெழுத்து தேவைப்படலாம். தொகையும் விதியும் சபைக்குச் சபை மாறும், ஆகவே படிவத்தை வாங்கி முழுதாக வாசித்துவிட்டு அலையுங்கள். பிணையாளிதான் புதியவருக்குத் தடங்கல். வேலை செய்யும் இடத்திலுள்ள ஒருவரையோ பிள்ளையின் வகுப்பாசிரியரையோ கேட்பது வழி.

பலருக்குத் தெரியாத ஒன்று: பத்திரிகை வாசிக்க, உசாத்துணைப் பகுதியில் இருந்து குறிப்பெடுக்க, நிகழ்ச்சிக்கு வந்து உட்கார, எதற்கும் அங்கத்துவம் தேவையில்லை. வீட்டுக்குப் புத்தகம் இரவல் எடுக்க மட்டுமே தேவை. ஆகவே படிவம் முடியும்வரை காத்திருக்காமல் நாளைக்கே போகலாம்.

போயா உட்பட அரச விடுமுறை நாட்களில் மூடியிருக்கும். வாராந்தம் எந்த நாளில் மூடுவார்கள் என்பது வாசல் பலகையில் எழுதியிருக்கும்.

அறிவித்தல் எங்கே கிடைக்கும்

அறிவித்தல் பலகையில் பாதி பழையது. போன வருடப் போட்டி முடிவும் ஒப்பந்தக் கேள்விக் கோரலும் வேலை வெற்றிடமும் ஒன்றின்மேல் ஒன்றாகக் குத்தியிருக்கும். திகதியைப் பார்த்து வாசியுங்கள். சபைகள் இப்போது முகநூலிலும் போடுகின்றன, ஆனால் அங்கே வருவது பெரும்பாலும் நிகழ்ச்சி முடிந்தபிறகு எடுத்த படம். நடக்கப்போவதை அறிய நூலகருடைய வாயைத்தான் நம்பவேண்டும்.

அவரிடம் "ஏதும் நிகழ்ச்சி இருக்கோ?" என்று பொதுவாகக் கேட்டால் "இப்போதைக்கு இல்லை" என்ற பதில்தான் வரும். அது பொய்யில்லை, அந்த நிமிடத்தில் இல்லை, அவ்வளவுதான். கேள்வியைக் குறிப்பாக்கிக் கேளுங்கள். தரம் 3 பிள்ளைக்கு ஏற்ற போட்டி இந்த வருடம் எப்போது? படிவம் எந்த மாதம் தருவீர்கள்? வாசகர் வட்டம் இயங்குகிறதா, யார் செயலாளர்? மண்டபம் அடுத்த மாதம் யாருக்காவது கொடுத்திருக்கிறீர்களா? கடைசிக் கேள்வி முக்கியமானது. வெளி அமைப்புகள் நடத்தும் நூல் வெளியீடும் கருத்தரங்கும் நூலக நிகழ்ச்சிப் பட்டியலில் வராது, மண்டபப் பதிவில்தான் இருக்கும்.

நூலகரை எப்படி அழைப்பது என்று தயங்க வேண்டாம். பிள்ளைகள் மிஸ், சேர் என்பார்கள். உங்களைவிட மூத்தவரென்றால் அக்கா, அண்ணை போதும். முதல் நாளே தொலைபேசி இலக்கம் கொடுத்துவிட்டு வாருங்கள். பல நூலகங்களில் வட்ஸ்அப் குழு ஒன்று ஓடுகிறது, அதில் சேர்த்துவிடுவார்கள்.

நூலகத்துக்கு வெளியே பார்க்க வேண்டிய இடம் சனசமூக நிலையம். வன்னியில் ஏறத்தாழ ஒவ்வொரு கிராமத்திலும் ஒன்று இருக்கும். சபையில் பதிவு செய்யப்பட்டது. பெரும்பாலும் ஒரு சிறு வாசிகசாலையும் சேர்ந்தது. சபையின் அறிவித்தல் நிலையத் தலைவரிடம் வரும். அவர் வீட்டு அலுமாரியில் போய் முடியாமலிருக்க வேண்டுமென்றால் யாராவது கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

ஒக்டோபர் மாதத்துக்கு ஓகஸ்ட்டிலேயே தயாராகுங்கள்

கந்தோர் நாட்காட்டியில் நூலகத்தின் பெருவிழா ஒக்டோபர் மாதம். அது தேசிய வாசிப்பு மாதம். தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை ஒவ்வோர் ஆண்டும் ஒரு தொனிப்பொருளை அறிவிக்கும், நாடெங்குமுள்ள பொது நூலகங்களும் பாடசாலை நூலகங்களும் அதன்கீழ் நிகழ்ச்சிகளை நடத்தும். ஒக்டோபர் 1 சிறுவர் தினமும் முதியோர் தினமும் என்பதால் மாதத் தொடக்கமே களைகட்டும்.

என்ன நடக்கும்? சின்னப் பிள்ளைகளுக்குக் கதைசொல்லல், சித்திரம், கையெழுத்து, சொல்வதெழுதல். நடுத்தர வகுப்புகளுக்கு வாசிப்புப் போட்டி, பேச்சு, கட்டுரை. மேல் வகுப்புகளுக்குக் கவிதை, சிறுகதை, பொது அறிவு வினாவிடை. இவற்றோடு புத்தகக் கண்காட்சி, பாடசாலைகளுக்குப் போகும் நடமாடும் நூலகச் சேவை, முன்பள்ளிப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து நூலகத்தைக் காட்டுவது, புத்தக அன்பளிப்பு சேகரிப்பது. சில இடங்களில் தாமதக் கட்டணமின்றிப் பழைய புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க விடுவார்கள். அதையும் கேட்டுப் பாருங்கள்.

ஒக்டோபரில் போய் விசாரித்தால் நேரம் கடந்துவிட்டிருக்கும். போட்டிகள் மாதத் தொடக்கத்திலேயே நடக்கும், அதற்கான கடிதங்கள் பாடசாலைகளுக்கு அதற்கு முன்பே போய்விடும். பெரிய பாடசாலையென்றால் அறிவித்தல் வகுப்புவரை வந்துசேரும். உள்ளூர்ச் சிறு பாடசாலையில் அதிபரின் மேசையோடு நின்றுவிடக்கூடும். ஆகவே ஓகஸ்ட் மாதத்தில் ஒரு தடவை நூலகத்துக்குப் போய்ப் போட்டிப் பிரிவுகளையும் வயதெல்லையையும் விசாரியுங்கள். பிள்ளை பாடசாலை மூலம் போகவேண்டுமா, நேரடியாகப் பதியலாமா என்பதையும் அப்போதே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். கட்டுரை, கவிதைப் போட்டிகளில் பெரும்பாலும் திறந்த பிரிவொன்றும் இருக்கும். அதற்குப் பெரியவர்கள் விண்ணப்பிப்பது குறைவு. எழுதும் பழக்கமுள்ள புதியவருக்கு ஊரில் பெயர் அறிமுகமாக இதைவிடச் சுருக்கு வழி கிடையாது.

இனி வயல் நாட்காட்டிக்கு வருவோம். வன்னியில் ஒக்டோபர் என்றால் காலபோக (பெரும்போக) நெல் விதைப்பு. மழை எப்போது தொடங்கும், உழவுக்கு உழவியந்திரம் கிடைக்குமா, விதைநெல் போதுமா என்று வீடே ஓடித்திரியும் காலம். மாதக் கடைசியில் வடகீழ்ப் பருவமழை பிடித்துவிட்டால் குளக்கட்டு வீதிகளும் கிரவல் ஒழுங்கைகளும் சேறாகிவிடும். கொழும்பில் நாள் குறித்தவர்கள் இதை யோசித்திருக்க மாட்டார்கள். அதனால் வன்னியில் வாசிப்பு மாதம் ஏறக்குறையப் பாடசாலைப் பிள்ளைகளின் மாதமாகவே நடந்து முடிகிறது. தகப்பன் வயலிலும் தாய் கூலிவேலையிலும் நிற்க, ஆசிரியர்கள்தான் பிள்ளைகளைக் கூட்டி வருகிறார்கள். பெரியவர்களுக்கான கருத்தரங்கில் கதிரைகள் காலியாக இருப்பதைப் பார்த்து "இந்த ஊர்ச் சனத்துக்கு வாசிப்பில் அக்கறையில்லை" என்று மேடையிலேயே குறைப்பட்டுக்கொள்ளும் விருந்தினர்கள் உண்டு. அதே சனத்தை மாசிக் கடைசியில், அறுவடை முடிந்து நெல் விற்ற கையோடு கூப்பிட்டுப் பாருங்கள். மண்டபம் போதாமல் வரும்.

ஆகவே பெரியவர்களுக்கான நிகழ்ச்சிகளைத் தேடுபவர் பெப்ரவரி கடைசி, மார்ச் மாதங்களையும் சிறுபோகத்தில் நாற்றும் விதைப்பும் ஓய்ந்த ஜூன், ஜூலையையும் குறித்துக்கொள்ளுங்கள். நூல் வெளியீடுகளுக்கும் இந்தக் காலம்தான் தோது.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு

சிறுவர் பகுதி பல நூலகங்களில் தனி அறையாகவே இருக்கும், தாழ்ந்த அலுமாரி, சின்னக் கதிரை, சுவரில் சித்திரம். வார நாட்களில் பாடசாலை விட்டபிறகு ரியூசன். ஞாயிறு காலையில் அறநெறி வகுப்பு அல்லது ஞாயிறு பூசை. மிஞ்சுவது சனி முற்பகலும் பள்ளி விடுமுறையும்தான். சிறுவர் நிகழ்ச்சிகளையும் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் வைப்பார்கள்.

கதை நேரம் என்று ஒன்றை ஒழுங்காக நடத்தும் நூலகம் எல்லா ஊரிலும் இல்லை. இல்லாவிட்டால் கேட்டு உருவாக்கலாம். சனிக்கிழமை ஒரு மணிநேரம் சிறுவர் பகுதியில் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்க விரும்புகிறேன் என்று ஒரு ஆசிரியரோ பல்கலைக்கழக மாணவரோ நூலகரிடம் சொன்னால் மறுக்கும் நூலகரை நான் கண்டதில்லை. ஆளணி குறைவுதான் அவர்களுடைய பிரச்சினை, விருப்பம் குறைவு இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை: ஒரு வாரம் வந்து மறு வாரம் நிற்காதீர்கள். பிள்ளை வந்து ஏமாந்து போனால் அடுத்த தடவை தாய் அனுப்ப மாட்டார். இரண்டு மாதத்துக்குத்தான் முடியுமென்றால் இரண்டு மாதத்துக்கு என்றே சொல்லித் தொடங்குங்கள்.

வன்னியில் கதை சொல்வதற்கு வெளியே தேடிப் போகவும் தேவையில்லை. வற்றாப்பளைக் கண்ணகியையும் முல்லைத்தீவுக் கோவலன் கூத்தையும் அறிந்த பெரியவர்கள் ஊரில் இருக்கிறார்கள். கற்சிலைமடுவில் வன்னி மன்னன் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரிடம் தோற்ற இடத்தைச் சொல்லும் கல்லில் 1803 ஒக்டோபர் 31 என்ற திகதி பொறிக்கப்பட்டிருந்தது. வாசிப்பு மாதத்தின் கடைசி நாளும் அதுவே. கூத்துப் பழக்கும் ஒரு அண்ணாவியாரைக் கூப்பிட்டு நாலு பாட்டுப் பாடவிட்டால் பிள்ளைகள் அசையாமல் இருப்பார்கள்.

பரீட்சைக்கும் வேலைக்கும் படிக்கிறவர்கள்

வீட்டில் மேசை இல்லாதவர்கள், மின்விசிறி இல்லாதவர்கள், சத்தம் கூடிய வீட்டுக்காரர்கள், இவர்களுக்கு உசாத்துணைப் பகுதி பெரிய உதவி. சாதாரண தரம், உயர்தரம், புலமைப்பரிசில் கடந்தகால வினாத்தாள்கள் இருக்கும். வர்த்தமானியும் வரும். அரச வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்கள் வெள்ளிக்கிழமை வர்த்தமானிக்காகக் காத்திருப்பது பழைய காட்சி. இணையத்தில் பார்க்கலாம் என்ற காலத்திலும் கூடிப் பார்த்துக் கதைக்க வருகிறார்கள். பரீட்சை நெருங்கினால் வெள்ளனப் போனால்தான் இடம். போட்டிப் பரீட்சைக்கான வகுப்போ கணினிப் பயிற்சியோ நடந்தால் அதன் அறிவித்தலும் இந்தப் பகுதிச் சுவரில்தான் ஒட்டப்படும்.

தேடுவதற்கு ஒரு குறுக்கு வழி: புத்தகங்கள் தூயி தசமப் பகுப்பின்படி அடுக்கப்பட்டிருக்கும். விவசாயம் 630, மருத்துவம் 610, சமையல் 641, சமயம் 200, தமிழ் இலக்கியம் 894.811, வரலாறும் புவியியலும் 900. இந்த ஆறையும் மனத்தில் வைத்தால் பாதிப் பேருக்குப் போதும்.

வாசகர் வட்டத்தில் சேருங்கள்

புதியவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். அங்கத்துவ அட்டை உங்களை வாசகராக்கும், வாசகர் வட்டம் ஊரவராக்கும். நூலகத்தோடு சேர்ந்து இயங்கும் இந்தக் குழுவில் ஓய்வுபெற்ற அதிபர், எழுத்தாளர், இளைஞர், சில வேளை ஒரு கமக்காரர் இருப்பார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று நிர்வாகமும் இருக்கும். வாசிப்பு மாதப் போட்டிகளுக்கு நடுவர்களை ஒழுங்குசெய்வது, பரிசுக்கு அனுசரணை தேடுவது, எந்தப் புத்தகங்கள் வாங்கலாம் என்று ஆலோசனை சொல்வது, மாதாந்தக் கலந்துரையாடல் நடத்துவது இவர்கள் வேலை.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன்: எல்லா வட்டமும் உயிரோடு இல்லை. சில பெயரளவில் இருக்கும். சிலவற்றில் அதே நாலு பேர் பல வருடமாக அதே நாலு கதிரையில் இருப்பார்கள், புதியவர் பேசத் தொடங்கினால் "தம்பி எந்த ஊர்?" என்ற கேள்வியிலேயே கூட்டம் முடியும். முதல் இரண்டு கூட்டத்துக்குக் கேட்டுக்கொண்டிருங்கள். மூன்றாவதில் ஒரு வேலையைப் பொறுப்பெடுங்கள்: அழைப்பிதழ் தட்டெழுதுவது, படம் எடுப்பது, கதிரை அடுக்குவது, எதுவானாலும். யோசனை சொல்பவர்களுக்கு வட்டத்தில் பஞ்சமில்லை, வேலை செய்பவருக்குத்தான் பஞ்சம். பெண்கள் குறைவாக வரும் வட்டமென்றால் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலிருந்து இரண்டு பேரைச் சேர்த்துக் கூட்டிப்போங்கள், தனியே போய் இருப்பதைவிட அது நிலைக்கும்.

புத்தகம் வாங்குவதில் உங்கள் சொல் ஏறவேண்டுமென்றால் அதற்கும் காலம் இருக்கிறது. சபையின் அடுத்த ஆண்டுக்கான பாதீடு வருடக் கடைசியில் நிறைவேறும். செப்டெம்பருக்குள் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், விலை எழுதிய பட்டியலை நூலகரிடம் எழுத்தில் கொடுங்கள். ஜனவரியில் கொடுத்தால் அதற்கடுத்த வருடத்துக்குத்தான்.

நீங்களே ஒரு நிகழ்ச்சி வைப்பதானால்

நூல் வெளியீடு, கலந்துரையாடல், பயிற்சி வகுப்பு, ஓவியக் கண்காட்சி என எதுவானாலும் முதற்படி கடிதம். சபைத் தவிசாளருக்கு முகவரியிட்டு, பிரதி செயலாளருக்கும் நூலகருக்கும். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தபின் 2025 மே 6 தேர்தல்வரை தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்கள் இருக்கவில்லை, எல்லாம் செயலாளர் கையில் இருந்தது. அந்தக் காலத்துப் பழக்கத்தில் செயலாளருக்கு மட்டும் எழுதச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்போது தவிசாளருக்கு எழுதுவதே முறை. கட்டண விலக்குக் கேட்பதென்றால் சபையின் மாதாந்தக் கூட்டத்துக்குப் போகக்கூடும், ஆகவே குறைந்தது ஆறு வாரம் முன்னதாகக் கொடுங்கள்.

கடிதத்தை அலுவலகத்தில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்துப் போய் விசாரியுங்கள். கோபித்துக்கொள்ளாமல் மறுபடியும் விசாரியுங்கள்.

நாள் தெரிவில் கவனம் வேண்டும். விதைப்பும் அறுவடையும் பற்றி மேலே சொன்னேன். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலன்று பஸ்ஸும் சனமும் அங்கேதான். பங்குனியில் புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கல், ஓகஸ்ட் நடுவில் மடுத் திருவிழா. மே 18ஐ ஒட்டிய வாரத்திலும் நவம்பர் கடைசி வாரத்திலும் கொண்டாட்டமான எதையும் வைக்காதீர்கள். ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டிலும் போரில் இழந்து நினைவுகூர ஒருவர் இருக்கும் மண் இது. வெளியூரிலிருந்து வந்த அமைப்பு ஒன்று தெரியாமல் அந்த நாட்களில் பாட்டும் நடனமும் வைத்தால், ஊர் எதிர்த்து எதுவும் சொல்லாது, வராமல் இருந்துவிடும்.

நேரம்: காலை பத்து மணி, அல்லது பின்னேரம் இரண்டரை. ஐந்து மணிக்கு மேல் இழுக்கக்கூடாது. உள்ளூர்களுக்கான கடைசி பஸ் வெள்ளன வெளிக்கிட்டுவிடும். மாங்குளம், ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கங்களில் பொழுதுபட்டால் யானைப் பயமும் இருக்கிறது. நாலரைக்கு மேல் அவையோர் கதிரை நுனியில்தான் இருப்பார்கள், அந்த நேரத்தில் ஏற்புரை பேசும் நூலாசிரியரைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

இதற்குக் காரணம் மேடையின் நீளம். மங்கல விளக்கேற்றல், அகவணக்கம், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரை நாலைந்து, வெளியீட்டுரை, நயவுரை, ஏற்புரை, நன்றியுரை என்று ஒரு வெளியீட்டு விழா போகும். பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர் என்று அழைப்பிதழில் பாதி பெயர்களே. வாழ்த்துரையை இரண்டோடு நிறுத்தினால் நூலைப் பற்றிக் கதைக்க நேரம் கிடைக்கும். யாராவது மனம் நோவார்கள் என்ற பயம் நியாயமானது. அவர்களுக்கு மேடையில் சிறப்புப் பிரதி கொடுத்து மதிப்பளிக்கலாம், ஒலிவாங்கியையும் கொடுக்கத் தேவையில்லை.

நீங்கள் பார்வையாளராகப் போகிறவர் என்றால் ஒரு வழமையைத் தெரிந்துகொள்ளுங்கள். வெளியீட்டில் நூலுக்கான பணத்தைக் கடித உறையில் வைத்துக் கொடுத்து, நூலாசிரியரிடமோ விருந்தினரிடமோ பிரதியைப் பெறுவார்கள். விலையைவிடக் கூட வைப்பவர்கள் உண்டு, வைக்காமல் போனாலும் யாரும் கேட்க மாட்டார்கள். நூல் வாங்காமல் வந்திருந்து கேட்டுவிட்டுப் போவதும் தவறில்லை. தேநீரும் வடையும் எல்லோருக்கும்தான்.

ஒலிபெருக்கி, மின்பிறப்பாக்கி, குடிதண்ணீர், கதிரை, மண்டபத்தைக் கூட்டித் திறப்பை ஒப்படைப்பது யார் பொறுப்பு என்பதை எழுத்தில் பேசி முடியுங்கள். மழைக் காலத்தில் மின்சாரம் நம்பமுடியாது. ஒலிவாங்கி இல்லாமலே பேசக்கூடிய அளவுக்கு அவையைச் சிறிதாக வட்டமாக அமைத்தால் அந்தக் கவலையும் இல்லை, கலந்துரையாடலும் உண்மையிலேயே கலந்துரையாடலாக இருக்கும்.

புத்தகம் கொண்டுபோகிறவர்களுக்கு

போரில் வன்னி நூலகங்கள் கட்டடத்தோடும் நூலோடும் அழிந்தன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதை உலகம் அறியும். 2009வரை வன்னியில் வீட்டு அலுமாரிகளிலும் பாடசாலைகளிலும் வாசிகசாலைகளிலும் போனவற்றுக்குக் கணக்கெடுத்தவர் இல்லை. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு அன்பளிப்பாக வந்தவற்றில் நல்லதும் இருந்தது, யாரும் திறக்காத பழைய பாடக் குறிப்புகளும் இருந்தன. ஆகவே புத்தக அன்பளிப்பு நிகழ்ச்சிக்குப் போகுமுன் நூலகரிடம் தேவை என்ன என்று கேளுங்கள். சிறுவர் நூல்களும் புதிய பாடத்திட்டத்துக்குரிய துணைநூல்களும் எப்போதும் தட்டுப்பாடு. பாடத்திட்டம் மாறிய பழைய வழிகாட்டிகளை நூலகத்துக்குத் தள்ளிவிடாதீர்கள்.

எந்தக் கடையிலும் வாங்கமுடியாத ஒன்று உங்கள் புது அயலவர் வீட்டில் இருக்கக்கூடும்: பழைய பாடசாலை மலர், கோயில் கும்பாபிஷேக மலர், கல்வெட்டு என்று அழைக்கப்படும், இறந்தவருக்கான அந்தியேட்டி நினைவு மலர், கூத்து ஏடு, நீர்ப்பாசனக் கூட்டக் குறிப்பு. இடப்பெயர்வுகளில் உரப்பைக்குள் கட்டிக்கொண்டு காப்பாற்றியவர்கள் இருக்கிறார்கள். இவற்றைக் கொண்டுவந்து காட்டும் ஒரு நாளை வாசகர் வட்டத்தோடு சேர்ந்து ஒழுங்குசெய்யலாம். மூலத்தைக் கேட்காதீர்கள், அவர்கள் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் தேவையில்லை. அங்கேயே வருடி (ஸ்கேன் செய்து) பிரதியெடுத்துக் கையோடு திருப்பிக் கொடுங்கள். 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் ஏற்றிவரும் நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் இத்தகைய மலர்கள் ஏராளம் இருக்கின்றன. உங்கள் ஊர்ப் பெயரை அங்கே தட்டிப் பார்த்து என்ன ஏற்கெனவே ஏறியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு தொடங்கினால் இரட்டை வேலை மிச்சம்.

நூலகம் தூரமென்றால்

ஏ9 வீதியில் இருப்பவருக்கு இது பிரச்சினை இல்லை. அக்கராயனுக்கு உள்ளே, முத்தையன்கட்டுப் பக்கம், ஐயன்கன்குளம் பக்கம் இருப்பவருக்கு நூலகம் போய்வர அரைநாள் போகும். நடமாடும் சேவை உங்கள் கிராமத்துக்கு வருமா என்று கேளுங்கள். வராவிட்டால் சனசமூக நிலைய நிர்வாகத்தின் பெயரில் சபைக்குக் கடிதம் எழுதுங்கள். தனி ஆளின் கடிதத்தைவிட நிலையத்தின் கடிதத்துக்கு மதிப்புண்டு. கிராமத்தில் எத்தனை பாடசாலைப் பிள்ளைகள், மிகக் கிட்டிய நூலகம் எத்தனை கிலோமீற்றர், வாகனம் வந்தால் எங்கே நிறுத்தலாம், எந்தக் கிழமை எந்த நேரம் பிள்ளைகள் நிற்பார்கள் என்று நாலு வரியில் குறிப்பிடுங்கள். பத்திரிகையும் கேட்டுக்கொள்ளுங்கள், அது சிறு செலவு, அனுமதிப்பது சுலபம். வாசிகசாலைக் கதவைத் திறந்து பூட்ட ஒருவரின் பெயரையும் அவருடைய தொலைபேசி இலக்கத்தையும் கடிதத்தின் அடியில் எழுதிவிடுங்கள். சபையிலிருந்து முதலில் வரும் கேள்வி அதுதான்.